முப்பதாம் தேதி, பதினொரு மணி

“எல்லாரும் கண்ணடச்சு நின்னப்போ, சார் மாத்திரம் எந்தினா கண்ணு தொறந்து வச்சது?”

எதற்காகக் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன் என்ற இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் ஓர் இன்ஸ்பெக்டர். 1976 ஜனவரியில். எந்த ஸ்டேஷன் என்பது இப்போது முக்கியமில்லை. நான் முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டவன். பதில் தெரியாத பிள்ளை எப்படி நிற்கும் என்று நன்றாகத் தெரியும். அன்று நானும் அப்படித்தான் நின்றேன். ஆனால் எனக்குப் பதில் தெரியும்.

பதில் இந்தக் கடிதங்களில் இருக்கிறது. படிப்பதற்கு முன் சில விவரங்கள் தெரிய வேண்டும். என் தங்கை ராகேல் நாகர்கோவிலில் தையல் வேலை செய்து பிழைத்தவள், கணவர் இல்லை. என் மனைவி ராஜபாயை அவள் ‘மைனி’ என்பாள். அவளுடைய ஒரே மகன் ஜெயசிங் திருவனந்தபுரத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தான். அவசரநிலை வந்த நாலாம் மாதம் அந்த அச்சகத்தில் அரசாங்கத்தைக் கண்டிக்கும் ஒரு நோட்டீஸ் அச்சானது. போலீஸ் வந்தபோது முதலாளி அகப்பட்டார். ஜெயசிங் பின்கதவு வழியாகப் போய்விட்டான்.

தபாலைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆகவே நான் நேரில் போய் ராகேலிடம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். கடிதத்தில் அவன் பெயர் வரக்கூடாது. அவன் ‘சுவர்க்கடிகாரம்’. பழுதுபார்க்க என்னிடம் கொடுத்திருக்கிறாள். ஓடுகிறது என்றால் அவன் பிடிபடவில்லை. நின்றுவிட்டது என்றால் பிடிபட்டான்.

*

திருவனந்தபுரம்
9-11-1975

அன்புத் தங்கை ராகேலுக்கு, அண்ணன் சத்தியதாஸ் எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் ராஜபாயும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

நீ கொடுத்த கடிகாரம் என் கையில் இல்லை. கடைக்காரர் வேறு இடத்தில் வைத்திருக்கிறார். ஓடுகிறது என்று சொன்னார்கள். சொன்னவர் பொய் சொல்கிறவர் அல்ல.

பெரிய மழை. சாலைக் கடைத்தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். நீ வெந்நீர் ஒத்தடத்தை விடாதே.

அன்புடன்,
அண்ணன்

*

நாகர்கோவில்
17-11-1975

அண்ணனுக்கும் மைனிக்கும் தோத்திரம். நான் சுகம். கால் பழையபடிதான்.

கடிகாரம் ஓடுகிறது என்ற வரியைப் பத்துத் தடவை படித்தேன். எங்கே மாட்டியிருக்கிறார்கள்? சாரல் படாத இடமா? ஈரம் அதற்கு ஆகாது, சின்னதிலிருந்தே ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஒருத்தி கேட்டாள், “ஏ ராகேலு, ஒனக்க மவன் கிறிஸ்மசுக்கு வருவானா? இல்ல, பெரிய ஊருக்குப் போயி பெரிய ஆளாயிட்டானா?” என்று. “லீவு கெடச்சா வருவான்” என்று சொன்னேன். சிரிக்கவும் செய்தேன். வீட்டுக்கு வந்துதான் உட்கார்ந்தேன்.

ராகேல்

*

திருவனந்தபுரம்
2-12-1975

அன்புள்ள ராகேல், உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். ராஜபாய்க்கு மட்டும் லேசான காய்ச்சல் வந்து போயிற்று.

உனக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் ஒரு பையன் எதையாவது எடுத்து ஒளித்துவைத்திருப்பான். நான் சோதனை போடவே மாட்டேன். அவன் எங்கே பார்க்கிறான் என்று மட்டும் கவனிப்பேன். ஜன்னல், கூரை, கரும்பலகை, என் மூக்கு, எல்லாவற்றையும் பார்ப்பான். ஒரு மூலையை மட்டும் பார்க்கவே மாட்டான். பொருள் அங்கேதான் இருக்கும். அதிகம் பேசினாலும் காட்டிக்கொடுக்கும், அடியோடு பேசாமல் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். நீ எப்போதும் எழுதுகிற அளவுக்கு எழுது. கடிகாரத்தைப் பற்றி ஒரு வரி போதும்.

அது ஓடுகிறது.

அண்ணன்

*

நாகர்கோவில்
22-12-1975

அண்ணனுக்கும் மைனிக்கும் ராகேலின் கிறிஸ்மஸ் வாழ்த்து. அண்ணன் சொன்னபடி ஒரு வரிதான் எழுத நினைத்தேன்.

முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் சுட்டு டப்பாவில் போட்டு பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பாதி உங்களுக்கு. பாதி அந்தக் கடிகாரத்துக்கு. அது நேரத்துக்குச் சாப்பிடுகிறதா அண்ணே? மார்கழியில் அதற்கு இருமல் வரும். சுக்கு தட்டிப் போட்டு யாராவது காப்பி கொடுக்கிறார்களா? போர்வை இருக்கிறதா?

எனக்கு வேறொன்றும் எழுதத் தெரியவில்லை.

ராகேல்

*

இந்தக் கடிதம் என் கைக்கு வந்தபோது அதன் மடிப்பில் கோந்து தடிமனாக, இன்னும் பிசுபிசுப்பாக இருந்தது. ராகேல் அப்படி ஒட்டுகிறவள் அல்ல.

அதே வாரம் பிச்சைக்கனி வீட்டுக்கு வந்தான். சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவன், ஜெயசிங்கைப் பற்றி எனக்குத் தகவல் கொண்டுவருகிறவன். தன் மகளின் பள்ளிச் சான்றிதழ் விஷயமாக முன்பே என்னைத் தெரியும். அரிசி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தவன், ராஜபாய் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினான்.

“சாரே, முப்பதாம் தேதி பதினோரு மணிக்குக் கல்மேடைக்கு வருவான். ஒங்களைப் பாத்துட்டு அப்படியே பஸ் ஏறிருவானாம். பேசப்படாது. கிட்ட வரப்படாது. ஒரு நல்ல செருப்பு மாத்திரம் போட்டுட்டு வரச் சொன்னான்.”

“செருப்பு எதுக்குடே?”

“அவன் கால்ல கெடக்கது ரெண்டு ஓட்டை சாரே. அதுல செருப்புன்னு சொல்ல வார் மாத்திரம்தான் இருக்கு.”

கல்மேடை என்பது கடைத்தெருவுக்குப் பின்னால் திறந்த வெளியில் உள்ள காந்தி நினைவு மேடை. நாலு படி, ஒரு கல்தூண், தூணில் ஒரு ராட்டை. கூரை கிடையாது. வருஷா வருஷம் ஜனவரி முப்பதாம் தேதி காலையில் அங்கே நூல் நூற்பார்கள். பதினொரு மணிக்கு நகரசபைச் சங்கு ஊதும். அவர் சுடப்பட்ட நாளுக்காக எல்லோரும் கண்ணை மூடி இரண்டு நிமிஷம் அசையாமல் நிற்போம். மறுபடி சங்கு ஊதினால்தான் கலைவோம். இருபத்தைந்து வருஷம் என் வகுப்பை அங்கே அழைத்துப்போயிருக்கிறேன். சிறுவயதில் ஜெயசிங்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும்போது வரிசையில் நின்றிருக்கிறான்.

*

திருவனந்தபுரம்
4-1-1976

அன்புத் தங்கைக்கு, புத்தாண்டு ஆசீர்வாதமாக இருக்கட்டும். பலகாரம் உடையாமல் வந்தது.

கடிகாரம் சாப்பிடாது, ராகேல். இரும்பும் மரமும் சாப்பிடுவதில்லை.

வழக்கம்போல் முப்பதாம் தேதி கல்மேடைக்குப் போவேன். போய்வந்து உனக்கு எழுதுகிறேன். நீ இந்தக் காலோடு பஸ் ஏறி வர வேண்டாம். எந்தக் காரணத்தைக் கொண்டும் வர வேண்டாம்.

அண்ணன்

*

நாகர்கோவில்
14-1-1976

அண்ணனுக்கு, நான் சுகம். மைனியை விசாரித்ததாகச் சொல்லவும்.

சரி அண்ணே. வரவில்லை. கல்யாணத் துணி தைத்துக் கொடுக்க வேண்டியதும் இருக்கிறது.

ராகேல்

*

திருவனந்தபுரம்
6-2-1976

அன்பான ராகேலுக்கு மைனி ராஜபாய் எழுதியது. உன் அண்ணன் எழுத வேண்டிய கடிதத்தை நான் எழுதுகிறேன் என்று பயப்படாதே. எல்லோரும் சுகம்.

முப்பதாம் தேதி கல்மேடைக்குப் போனவர் அப்படியே மூன்று நாள் வெளியூர் போக வேண்டியதாயிற்று. திரும்பி வரும்போது படியில் வழுக்கி விழுந்துவிட்டார். வலது கையில் விரல்கள் வீங்கியிருக்கின்றன. வைத்தியர் எண்ணெய் போட்டுக் கட்டியிருக்கிறார். பேனா பிடிக்க ஒரு மாதம் ஆகும்.

கடிகாரத்தைப் பற்றிக் கேட்டேன். தெரியவில்லை என்கிறார். ஓடுகிறதா நின்றதா என்று தெரியவில்லையாம்.

நீ ஜெபம் பண்ணு. கடிதம் போடாதே.

ராஜபாய்

*

நாகர்கோவில்
12-2-1976

அண்ணனுக்கு, இதைத் தபாலில் போடவில்லை. தோவாளையிலிருந்து சாலைக்குப் பூக்கூடை கொண்டுவருகிற நாச்சியாரிடம் கொடுத்திருக்கிறேன். வாழைநாருக்குள் வைத்துக் கொண்டுவருவாள். அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

மைனிக்கு வழுக்கி விழுந்த கதை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் ஏது படி?

அண்ணே, நான் வந்திருந்தேன். வரவில்லை என்று எழுதிவிட்டு முதல் பஸ்ஸில் வந்தேன். பெண்கள் பக்கம் நூல் நூற்கிறவர்களோடு முக்காடு போட்டு நின்றேன். உங்களைப் பார்த்தேன். அவனைத் தேடவில்லை. தேடினால் கண் காட்டிக்கொடுத்துவிடும் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்.

சங்கு ஊதியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவன் எங்கேயோ பக்கத்தில்தான் நிற்கிறான் என்று தெரிந்தது. கண்ணைத் திறந்தால் என் கால் என் பேச்சைக் கேட்காது. அதனால் திறக்கவில்லை. இடையில் யாரோ சத்தம் போட்டார்கள். அப்போதும் திறக்கவில்லை. மறு சங்குக்குப் பிறகுதான் திறந்தேன். கூட்டம் கலைந்து ஓடிக்கொண்டிருந்தது. உங்களையும் காணோம். பஸ் ஏறி வந்துவிட்டேன்.

மறுநாள் மெட்ராஸில் ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். அதுவரை இந்தப் பக்கம் இவ்வளவு கெடுபிடி இல்லை. மூன்றாம் நாள் என் வீட்டுக்கும் போலீஸ் வந்தது. மாவுப்பானையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார்கள்.

அவன் வந்தானா? அது ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

ராகேல்

*

திருவனந்தபுரம்
20-2-1976

அன்புள்ள ராகேல், இடது கையால் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் இருக்கும், எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள். நாச்சியார் நாளைக் காலை ஊருக்குப் போகிறாள்.

அவன் வந்தான்.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன். பத்தரை மணிக்குப் போனேன். செருப்பை எல்லோரும் விடும் வாதாமரத்தடியில் விட்டேன். மேடைக் கமிட்டியின் காரியதரிசி சேஷன் சார் எனக்கு முன்வரிசையில் இடம் காட்டினார். முக்காட்டுக்குள் உன்னைக் கண்டேன். உனக்குப் பக்கவாட்டில் ஒருவன் கடலைக் கூடை வைத்துக்கொண்டு நின்றான். பத்து நிமிஷத்தில் ஒரு பொட்டலம்கூட விற்கவில்லை. விற்க நினைக்கவும் இல்லை.

சங்கு ஊதியது. எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. பள்ளியில் காலை ஜெபத்தின்போது கண்ணைத் திறக்கிற பிள்ளையைப் பிடிக்க, வாத்தியார் கண்ணைத் திறந்துதானே இருக்க வேண்டும்? முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். கண்மூடிய கூட்டத்தில் திறந்த கண் இருட்டில் தீக்குச்சிபோலத் தெரியும். அப்படி இரண்டு ஜோடி கண்களைப் பார்த்தேன்.

ஒன்று கடலைக்காரனுடையது. அவன் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நீ யாரைப் பார்க்கிறாய் என்று தெரிந்துகொள்ள வந்தவன். நீயோ கண்ணைத் திறக்கவே இல்லை. நீ திறந்திருந்தால் அந்த நொடியே எல்லாம் முடிந்திருக்கும்.

இன்னொன்று உன் மகனுடையது. உனக்கு நேர் முன்னால் நாலடி தூரத்தில் நின்றான். தாடி. கசங்கிய நீலச் சட்டை. என்னைப் பார்க்கத்தான் வந்தான். உன்னைக் கண்டதும் என்னை மறந்துவிட்டான். நீ நூல் நூற்ற கையோடு நின்றாய், ஓர் இழை உன் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான், உன் முகத்தைப் பார்த்தான். கண்ணை மூட வேண்டும் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. தலை குனிந்த கூட்டத்தில் ஒருத்தன் மட்டும் தலை நிமிர்ந்து நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

கடலைக்காரனின் பார்வை உன்னை விட்டு நகர்ந்தது. உன் மகனிடம் போய் நின்றது. கூடையை மெதுவாகக் கீழே வைத்தான்.

எனக்கு வேறு வழி தோன்றவில்லை. நான் நகர்ந்தேன். இருபத்தைந்து வருஷம் ‘அசையாதே’ என்று பிள்ளைகளை மிரட்டியவன், வரிசையைப் பிளந்துகொண்டு போய் அந்த ஆளின் கையைப் பிடித்து, “மணி எத்தனை? மணி எத்தனை ஆச்சு?” என்று உரக்கக் கேட்டேன். நீ கேட்ட சத்தம் அதுதான். கூட்டம் முழுவதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. அவன் கையை உதறினான், நான் விடவில்லை. ஜெயசிங்கை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. என் செருப்பு மரத்தடியில் இல்லை. அதன் இடத்தில் பிய்ந்த ரப்பர் செருப்பு ஒன்று கிடந்தது.

சேஷன் சார் அருகில் வந்தார். “நீங்களா சார்? இந்த இடத்திலா?” என்று மட்டும் கேட்டார். கமிட்டியிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்களாம். அவர் செய்தது சரி.

மூன்று நாளைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. தண்ணீர் கொடுத்தார்கள்.

அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நீ யோசிப்பாய். என் கடிதத்தால்தான். ‘எந்தக் காரணத்தைக் கொண்டும் வர வேண்டாம்’ என்று எழுதினேனே, அதைத்தான் அடிக்கோடிட்டு வைத்திருந்தார்கள். பார்க்காத மூலையைப் பற்றி உனக்குப் பாடம் சொல்லிவிட்டு, நானே அந்த மூலையைக் காட்டிக்கொடுத்தேன். தப்பு என்னுடையது. நீ உன்னை நொந்துகொள்ளாதே.

அண்ணன்

*

அந்தக் கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன். இன்ஸ்பெக்டர் முதலில் எடுத்து மேஜையில் விரித்தது என் கடிதத்தை அல்ல. ராகேலின் கிறிஸ்மஸ் கடிதத்தின் நகலை. “பலகாரம் தின்னுன்ன க்ளாக்கு! இது எவிடெ கிட்டும் சாரே? எனிக்கும் ஒண்ணு வேணம்” என்று தனக்கும் அப்படி ஒரு கடிகாரம் கேட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். ராகேல் இறக்கும்வரை அதை அவளிடம் சொல்லவில்லை.

*

நாகர்கோவில்
28-2-1976

அண்ணனுக்கு, உங்கள் கையை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். முருங்கைப்பட்டை இடித்துக் கட்டினால் வீக்கம் வடியும். நாச்சியாரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

நாலடி என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் தரையில் அளந்து பார்த்தேன். கையை நீட்டினால் தொட்டிருக்கலாம்.

மெலிந்திருந்தானா என்று எழுதவில்லையே.

ராகேல்

*

திருவனந்தபுரம்
31-1-1977

அன்புத் தங்கைக்கு, நாங்கள் சுகம். விரல்கள் மூன்று வளைகின்றன, இரண்டு வளையவில்லை. எழுத்து இப்போது வாசிக்கும்படி இருக்கும். இதையும் நாச்சியாரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று கல்மேடைக்குப் போனேன். உள்ளே போகவில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு துணிக்கடை வாசலில் நின்றேன். சங்கு ஊதியதும் கண்ணை மூடினேன். அவனைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது.

தேர்தல் வரப்போகிறது, சிறையில் இருந்தவர்களை விடுகிறார்கள் என்கிறார்கள். வெளியே வருகிறவர்களை எல்லாம் பிச்சைக்கனி விசாரிக்கிறான். யாருக்கும் அவனைத் தெரியவில்லை. சிலரைப் பற்றிச் சிறைக்காரர்களே தெரியாது என்கிறார்களாம். அதைப் பற்றி நான் யோசிப்பதில்லை. நீயும் யோசிக்காதே.

நீ முன்பு கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை. மெலிந்திருந்தான்.

அண்ணன்

*

இதற்கு ராகேல் பதில் எழுதவில்லை. பிப்ரவரி போயிற்று. மார்ச்சில் தேர்தல் நடந்தது, அவசரநிலை நீங்கியது. சாலையில் மிட்டாய் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்ததை ராஜபாய் அப்படியே எறும்புக்கு விட்டுவிட்டாள்.

*

திருவனந்தபுரம்
29-3-1977

அன்புள்ள ராகேல்,

இந்தக் கடிதத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள். ஆகவே பெயரை எழுதுகிறேன். ஜெயசிங். உன் மகன் ஜெயசிங் நேற்று மாலை தம்பானூரில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். இப்போது உள்ளே தூங்குகிறான்.

அன்று இங்கிருந்து போனவன் மதுரை தாண்டிப் போயிருக்கிறான். மெட்ராஸ் ஆட்சி கலைந்த பத்தாம் நாள் சந்தேகத்தில் பிடித்துவிட்டார்கள். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் போலீஸ் வந்துவிடக்கூடாது என்று வேறு பெயர் சொல்லியிருக்கிறான். பதின்மூன்று மாதமும் அந்தப் பெயரிலேயே இருந்திருக்கிறான். அதனால்தான் யாருக்கும் அவனைத் தெரியவில்லை. இதற்கு மேல் எனக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“அம்மைய பாக்காம நேரா இங்க வந்திட்டியே மக்கா” என்று ராஜபாய் கடிந்துகொண்டாள். “இந்தக் கோலத்தில அம்மை பாக்க வேண்டாம் அத்தை. நாலு நாள் ஒங்க கையால தின்னுட்டுப் போறேன்” என்றான். ராஜபாய் அடுக்களைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு மீன்குழம்போடு வந்தாள்.

இடது காது அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. வலது பக்கம் நின்று பேசு. கதவை யாராவது பலமாகத் தட்டினால் எழுந்து நின்றுவிடுகிறான், கவனிக்காததுபோல் இருந்துவிடு. சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். மத்தியானத்துக்குள் வந்துவிடுவான்.

உன்னிடம் ஒரு வருஷத்துக் கேள்விகள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனவன். வந்ததும் சோறு போடு. ஒரு நாள் முழுக்க அவனிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்து பார்.

அண்ணன்
சத்தியதாஸ்